60 வெள்ளிக்குள் சோல்டரிங் அயர்ன்: வீட்டு வேலைக்கு எதை வாங்கலாம்?

தோட்டத்துக் கிராணி

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன், வேலை ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில். வீட்டில் சின்னச் சின்ன எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு, ஈயக் கம்பியை உருக்கி ஒயரை ஒட்டுகிற ஒரு சோல்டரிங் அயர்ன் வேண்டும். கையில் இருப்பது 60 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் போனால் வீட்டுக்காரம்மாவிடம் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

மூன்று வேலை காத்திருக்கிறது. அம்மா மின்னல் எப்.எம். கேட்கிற ரேடியோ, இப்போதெல்லாம் தட்டினால்தான் பாடுகிறது. அடுத்தது முதுகில் மாட்டி மருந்து அடிக்கிற பேட்டரி பம்பு, உள்ளே மோட்டாருக்குப் போகிற ஒயர் அறுந்து கிடக்கிறது. அப்புறம் மகன் படிவம் 2, ஆர்.பி.டி. (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்துக்கு எல்.இ.டி. சர்க்யூட் ஒன்று செய்து பழக வேண்டுமாம்.

டவுன் ஹார்ட்வேர் கடையில் 40 வாட் அயர்ன் 15 வெள்ளி என்றார்கள். இணையத்தில் பார்த்தால் 30 வாட், 60 வாட், 80 வாட், இருபது சாமான் போட்ட பெட்டி என்று தலை சுற்றுகிறது. வாட் கூடினால் சூடு கூடுமா? சூடு கூடினால் போர்டு எரிந்து விடுமா? இதற்கு முன்பு பள்ளியில் கெமாஹிரான் ஹிடுப் (வாழ்வியல் திறன்) வகுப்பில் பிடித்ததுதான், அதுவும் ஒரு அயர்னை எட்டுப் பேர் பிடித்தோம்.

செம்பனைக்காரன்

பாஸ், அதிகம் யோசிக்க வேண்டாம். அந்த 15 வெள்ளி அயர்னை எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் பத்து வருடமாக அதே மாதிரி 40 வாட் ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன், கப்சாய் மோட்டார் சைக்கிள் ஒயரிங், ஸ்பீக்கர், டார்ச் லைட், எல்லாம் அதிலேயே ஓடுகிறது. டிப் (சூடாகிற நுனி) கறுத்துப் போனால் அரத்தால் இரண்டு ராவு ராவினால் புதுசு மாதிரி ஆகிவிடும். மிச்சம் 45 வெள்ளிக்குக் குடும்பத்தோடு சாப்பிட்டு வாருங்கள்.

பழைய வயர்மேன்

தம்பி, செம்பனைக்காரன் சொல்வதில் பாதி சரி, பாதி வம்பு. நான் தோட்டத்திலும் பிறகு ஆலையிலும் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

வாட் என்பது அயர்ன் எவ்வளவு வேகமாகச் சூட்டைத் தள்ள முடியும் என்பதற்கான கணக்கு. டிப் எத்தனை டிகிரியில் நிற்கும் என்பது வேறு விஷயம். 15 வெள்ளி அயர்னில் உள்ளே ஒரு நிக்ரோம் கம்பிச் சுருள் இருக்கும், அவ்வளவுதான், நிறுத்தச் சொல்ல ஆள் கிடையாது. பிளக்கைப் போட்டதில் இருந்து சூடு ஏறிக்கொண்டே போகும், காற்றில் போகிற சூடும் உள்ளே வருகிற சூடும் சமமாகிற இடத்தில்தான் நிற்கும். அது 400 டிகிரியைத் தாண்டியும் இருக்கலாம். அதனால் ஸ்டாண்டில் சும்மா கிடக்கும்போது கொதிக்கும், தடித்த ஒயரைத் தொட்டால் சோர்ந்து விழும். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். சும்மா இருக்கும்போது 330, 340 டிகிரியில் அமைதியாக இருக்க வேண்டும், வேலை வைத்தால் கூடுதலாகத் தள்ள வேண்டும். அதற்குத்தான் டெம்பரேச்சர் கண்ட்ரோல்.

ஆகவே வாட் கூடினால் போர்டு எரியும் என்பது கண்ட்ரோல் இல்லாத அயர்னுக்குத்தான் பொருந்தும். நல்ல கண்ட்ரோல் இருந்தால் 60 வாட் அயர்ன் 30 வாட்டை விட போர்டுக்குப் பத்திரம், ஏனென்றால் இரண்டு வினாடியில் ஒட்டிவிட்டுக் கையை எடுத்து விடலாம். சின்ன அயர்னை வைத்துப் பத்து வினாடி அழுத்திக்கொண்டே இருந்தால்தான் செப்புப் பட்டை போர்டை விட்டு உரிந்து வரும்.

என் ஆலோசனை: பிடியிலேயே சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு வைத்த 60 வாட் அயர்ன், 200 முதல் 450 டிகிரி வரை, 900எம் வகை டிப் போடுகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். 30, 40 வெள்ளிக்குள் வரும். அந்த டிப் ஜப்பான் ஹக்கோ கம்பெனியின் பழைய வரிசை, இப்போது அதே அளவில் எல்லாரும் செய்கிறார்கள், அதனால் மாற்று டிப் எங்கேயும் சில வெள்ளிக்குக் கிடைக்கும். அயர்ன் வாங்கும்போது "இதற்கு டிப் தனியாகக் கிடைக்குமா" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கடையை விட்டு இறங்கி விடுங்கள்.

அப்புறம் அந்த இருபது சாமான் பெட்டியைத் தொடாதீர்கள். அயர்னுக்கு ஆகிற காசைப் பெட்டிக்குக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

பாகாவ் அக்கா

வயர்மேன் அண்ணன் சொன்ன அதே வகை 60 வாட் அயர்னைத்தான் நானும் வைத்திருக்கிறேன். வீட்டிலேயே எல்.இ.டி. விளக்கு, பிள்ளைகளின் பொம்மை, ரிமோட் என்று பக்கத்து வீட்டு வேலைகளையும் சேர்த்துப் பார்த்துத் தருகிறேன். நல்ல சாமான்தான், ஆனால் வாங்கும்போது நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

இணையத்தில் விலை குறைவாக இருந்ததை எடுத்தேன். இரண்டு முள் பிளக்கோடு வந்தது, கூடவே ஒரு அடாப்டர். சரி என்று ஓட்டினேன். ஒரு நாள் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, இடது கையில் போர்டு, வலது கையில் அயர்ன், விரலில் சுருக்கென்று ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்தேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் டிப்புக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. ஆளைக் கொல்கிற அளவு கரண்ட் இல்லை, கசிவுதான், ஆனால் போர்டில் இருக்கிற மாஸ்பெட் டிரான்சிஸ்டர் மாதிரிச் சின்ன உருப்படிகளைச் சத்தமில்லாமல் சாகடிக்க அது போதும். அதற்கு முன்பு இரண்டு போர்டுகள் ஏன் செத்தன என்று அன்றைக்குத்தான் ஒரு சந்தேகம் வந்தது.

நானும் புத்திசாலித்தனமாக மூன்று முள் பிளக் மாற்றினேன். பிளக்கைத் திறந்தால் கேபிளில் இரண்டு கம்பிதான்! பிளக்கில் எத்தனை முள் இருந்தாலும் எர்த் கம்பி இல்லாத கேபிளில் எர்த் வராது. கடைசியில் மூன்று கம்பி உள்ளதாகப் பார்த்து வேறு அயர்ன் வாங்கினேன். ஆக மலிவு விலை அயர்ன் எனக்கு இரண்டு அயர்ன் விலை ஆனது.

கடையில் மீட்டர் இருந்தால் பிளக்கின் பெரிய முள்ளில் (அதுதான் எர்த்) ஒரு கம்பி, டிப்பில் ஒரு கம்பி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு ஓமுக்குள் காட்ட வேண்டும்.

ஜாலான் பாசார் ரசிகன்

ஏன் எல்லாரும் இன்னும் 240 வோல்ட்டையே பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள்? பைன்சில் என்று ஒன்று இருக்கிறது, பேனா மாதிரி சின்னது, யூ.எஸ்.பி. சி சார்ஜரில் ஓடும். பத்து வினாடி சொச்சத்தில் சூடாகிவிடும், சின்னத் திரையில் டிகிரி தெரியும், கீழே வைத்து மறந்து போனால் தானே தூங்கி விடும். டிப்பும் ஹீட்டரும் சென்சாரும் ஒரே துண்டு, அதனால் சூடு உடனே வந்து சேரும். கோலாலம்பூரில் என் நண்பர்கள் எல்லாரும் இதற்கு மாறிவிட்டார்கள். திருகு வைத்த அயர்னில் இருக்கிற எண்ணை நம்பவே முடியாது, பல அயர்னில் அது மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரிதான் வேலை செய்கிறது.

செம்பனைக்காரன்

விலை?

ஜாலான் பாசார் ரசிகன்

நான் வாங்கியபோது தபால் செலவோடு 150 வெள்ளிக்கு மேல் வந்தது. சார்ஜர் தனி.

செம்பனைக்காரன்

தலைப்பில் 60 என்று போட்டிருக்கிறது தம்பி.

பழைய வயர்மேன்

பைன்சில் நல்ல கருவிதான், என் மருமகன் வைத்திருக்கிறான், நானும் பிடித்துப் பார்த்தேன். ஆனால் அதற்குச் சரியான சார்ஜர் வேண்டும் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. அதன் டிப் சுமார் 8 ஓம். 20 வோல்ட் கொடுத்தால் 50 வாட் வரும், 12 வோல்ட் கொடுத்தால் 18 வாட்தான். பள்ளியில் படித்த கணக்குத்தான், வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுக்க வேண்டும். கைப்பேசியோடு வந்த பழைய சார்ஜரில் மாட்டிவிட்டு "சூடே வரவில்லை" என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 65 வாட் சார்ஜர் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் 60 வெள்ளிக் கதை 200-ஐத் தொட்டு விடும்.

திருகு எண்ணை நம்ப முடியாது என்பது உண்மை. அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 63/37 ஈயக் கம்பி சரியாக 183 டிகிரியில் உருகும். திருகை 200-இல் வைத்து ஐந்து நிமிடம் விட்டுக் கம்பியைத் தொடுங்கள். தயங்கித் தயங்கி உருகினால் திருகு ஓரளவு யோக்கியம். தொட்ட உடனே புகையோடு ஓடினால் அது வெறும் ரெகுலேட்டர். அதற்காக அயர்னைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, எந்த இடத்தில் ஈயம் நன்றாக ஓடுகிறதோ அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் போதும்.

தோட்டத்துக் கிராணி

எல்லாருக்கும் நன்றி. சரி, அயர்ன் ஓரளவு புரிந்தது. ஈயக் கம்பி விஷயம் புரியவில்லை. கடையில் 60/40, 63/37, ஈயம் இல்லாதது என்று மூன்று வைத்திருக்கிறார்கள். ஈயம் இல்லாத ஈயக் கம்பி என்றால் என்ன? அதுவும் நாங்கள் இருப்பது பேராக்கில், கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க ஈயச் சுரங்கம் தோண்டிய ஊர், என் தாத்தா காலத்தில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. அந்த ஈயம் விஷமா?

பழைய வயர்மேன்

இந்தக் குழப்பம் தமிழால் வந்தது. நாம் இரண்டு உலோகத்தையும் ஈயம் என்கிறோம். கிந்தாவில் தோண்டியது வெள்ளீயம், விஷமில்லை. பழைய டிவி, ரேடியோ எல்லாவற்றிலும் ஒட்டியது வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கலவை. விஷம் அந்தக் காரீயம். 60/40 என்றால் வெள்ளீயம் 60, காரீயம் 40. "ஈயம் இல்லாதது" என்று அவர்கள் சொல்வது காரீயம் இல்லாததை.

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு ஞாபகம் இருக்கிறதா? அது வெள்ளீயம். ரசத்தை ஊற்றாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி வழிந்து விடும் என்று எங்கள் அம்மா கத்துவார். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில், ரசம் இருக்கிற வரை சொம்பு நூறைப் பெரிதாகத் தாண்டாது. காரீயம் 327-இல் உருகும். இரண்டையும் 63-க்கு 37 என்று கலந்தால் இரண்டையும் விடக் கீழே, 183-க்கு இறங்கி விடுகிறது. அதனால்தான் அந்தக் கலவை இத்தனை காலம் நின்றது. 63/37 சட்டென்று இறுகும், 60/40 இறுகுவதற்கு முன் கொஞ்ச நேரம் களி மாதிரி இருக்கும், அந்த நேரத்தில் கை ஆடினால் ஒட்டு மங்கலாகி விரிசல் விடும். பழகுகிற பையனுக்கு 63/37, கனம் 0.8 மில்லிமீட்டர், உள்ளே ரோசின் பிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவுகிற பிசின்) உள்ளதாக வாங்குங்கள்.

காரீயம் இல்லாதது 217-இல் இருந்து 227 வரை, எந்தக் கலவை என்பதைப் பொறுத்து. ஐரோப்பாவில் 2006 ஜூலையில் சட்டம் வந்த பிறகு கம்பெனிச் சாமான்கள் எல்லாம் அதற்கு மாறின. வீட்டில் மலிவு அயர்னோடு அது மல்லுக்கு நிற்கும்.

பாகாவ் அக்கா

அண்ணன் சொல்வது தொழிலுக்குச் சரி, ஆனால் பையன் கையில் கொடுக்கிறார்கள் என்பதால் நான் குறுக்கே பேசுகிறேன். ஒட்டும்போது கிளம்புகிற புகை காரீயம் இல்லை, இந்தச் சூட்டில் அது ஆவியாகாது. புகை ரோசினுடையது, பைன் மரப் பிசின். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது, எங்கள் வீட்டில் என் தங்கைக்கு இளைப்பு வந்துவிடும். சின்ன விசிறியை வைத்துப் புகையை முகத்தில் இருந்து அப்பால் இழுக்கிற மாதிரி வையுங்கள், ஒட்டின் மேல் ஊதுகிற மாதிரி வைக்கக் கூடாது.

காரீயம் உள்ளே போவது கை வழியாக. கம்பியைப் பிடித்த கையால் முறுக்கு எடுத்துச் சாப்பிடுவது, கம்பியை வாயில் கவ்வுவது. சாப்பாட்டு மேசையில் வேலை வேண்டாம், முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், துணியால் மேசையை ஈரமாகத் துடைக்க வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொஞ்சம் சிரமப்பட்டாவது காரீயம் இல்லாததையே வாங்கலாம் என்பது என் கருத்து. அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

பழைய வயர்மேன்

கோபம் ஒன்றுமில்லை தங்கச்சி. நாங்கள் அந்தக் காலத்தில் கம்பியை வாயில் கவ்விக்கொண்டுதான் ஏணி ஏறினோம். அது பெருமை இல்லை.

செம்பனைக்காரன்

எல்லாம் சரி, டிப்பை அரத்தால் ராவக் கூடாதா? அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய வயர்மேன்

உங்கள் அயர்னில் ராவலாம். அது வெறும் செம்பு டிப், உருகின ஈயத்தில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், குழி விழும், ராவினால் மறுபடி செம்பு வரும். 900எம் டிப் அப்படி இல்லை, செம்பின் மேல் இரும்பு முலாம் பூசியிருக்கும், மெல்லிய தோல். அதை ராவினால் தோல் போய்விடும், அடுத்த வாரத்தில் டிப் ஓட்டை. உங்கள் பழக்கத்தைக் கிராணித் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்து விடாதீர்கள்.

தோட்டத்துக் கிராணி

சனிக்கிழமை ஈப்போவுக்கு ஒரு வேலையாகப் போனபோது வாங்கி வந்துவிட்டேன். திருகு வைத்த 60 வாட், மூன்று கம்பி கேபிள், கடைக்காரத் தவுக்கேயிடம் மீட்டர் கேட்டபோது ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் கொடுத்தார், முக்கால் ஓம். 36 வெள்ளி. 63/37 கம்பி சின்னச் சுருள் 14 வெள்ளி, டிப் துடைக்கிற பித்தளை நார் 5 வெள்ளி, தட்டையான டிப் ஒன்று 4 வெள்ளி. மொத்தம் 59. ஸ்டாண்டுக்குக் காசு இல்லை, பழைய கோட் ஹேங்கர் கம்பியைச் சுருட்டி ஒரு கித்தா மரப் பலகையில் அடித்துவிட்டேன்.

ஆனால் முதல் இரவே சிக்கல். மகன் ஆசையாக 450 வரை திருகி வைத்து அரை மணி நேரம் விட்டுவிட்டான். கூடவே வந்த ஊசி மாதிரி டிப் இப்போது கரிக்கட்டை. ஈயம் உருண்டையாகி உருண்டு ஓடுகிறது, ஒட்டவே மாட்டேன் என்கிறது. 36 வெள்ளி போச்சா?

பாகாவ் அக்கா

போகவில்லை. திருகை 300-க்கு இறக்குங்கள், பித்தளை நாரில் குத்திக் குத்தி எடுங்கள், உடனே ஈயக் கம்பியை டிப்பைச் சுற்றித் தாராளமாக விடுங்கள், மறுபடி நார், மறுபடி ஈயம். பத்துப் பதினைந்து தடவை பொறுமையாகச் செய்தால் நுனியில் வெள்ளையாகப் பிடிக்க ஆரம்பிக்கும். மணல்தாள் வேண்டாம்.

வேலை முடிந்து அணைக்கும்போது டிப்பைப் பளபளவென்று துடைத்து வைக்கிறோம் இல்லையா, அதுதான் தவறு. நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை விட்டுவிட்டு அணையுங்கள், காற்றுப் படாது. காலையில் சூடானதும் அதைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

பழைய வயர்மேன்

ஊசி டிப் வராவிட்டாலும் கவலைப்படாதீர்கள். எல்லாரும் சின்ன வேலைக்கு ஊசி டிப் என்று நினைக்கிறார்கள், ஊசி முனையில் சூடு கடக்க இடமே இல்லை. தட்டை டிப்பின் முகம் ஒயரையும் தகட்டையும் ஒரே நேரத்தில் தொடும். பம்பு மோட்டாருக்கு அதைப் போடுங்கள்.

பம்பில் இன்னொன்று. பிரிப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள், பம்பை நன்றாகத் தண்ணீரில் கழுவிக் காய விடுங்கள், மருந்து ஒட்டியிருக்கிற ஒயரில் சூட்டை வைத்தால் அந்த ஆவி உங்கள் மூக்குக்குத்தான் வரும். செப்புக் கம்பி கறுப்பாக இருந்தால் அதில் ஈயம் எந்த ஜென்மத்திலும் பிடிக்காது, பளிச்சென்று செம்பு நிறம் தெரிகிற வரை வெட்டிக்கொண்டே போங்கள். குழாய் வேலைக்கு விற்கிற ஆசிட் பிளக்ஸை மட்டும் தடவி விடாதீர்கள், அன்றைக்கு அழகாகப் பிடிக்கும், நம் ஊர் ஈரத்தில் ஆறு மாதத்தில் பச்சை பூத்து ஒயர் அறுந்து விடும்.

தோட்டத்துக் கிராணி

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்கா சொன்ன மாதிரி செய்ததில் ஊசி டிப்பின் ஒரு பக்கம் மட்டும் பிழைத்தது. பம்பு ஒயர் ஏறக்குறைய நான்கு அங்குலம் கறுத்திருந்தது, வெட்டிவிட்டு வேறு துண்டு சேர்த்து, தட்டை டிப்பில் மூன்று வினாடி, பிடித்துவிட்டது. நேற்று காலை முழுக்க அடித்தார்கள், நிற்கவில்லை. மகன் எல்.இ.டி. போர்டில் பதினொரு ஒட்டு போட்டான், நான்கு மங்கல், அந்த நான்கையும் மறுபடி சூடாக்க வைத்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தான்.

ரேடியோவுக்குச் சோல்டரிங்கே தேவைப்படவில்லை. பேட்டரி ஸ்பிரிங்கில் துரு, சுரண்டிவிட்டதும் பாடிவிட்டது. இத்தனை நாளாக அம்மா தட்டியதெல்லாம் அந்த ஸ்பிரிங்கைத்தான்.

செம்பனைக்காரன்

நல்ல செய்தி பாஸ். ஈப்போவில் அந்தத் தட்டை டிப் எந்தக் கடையில் என்று தனியாகச் செய்தி போடுங்கள். எனக்கு அயர்ன் வேண்டாம், டிப் மட்டும் போதும்.

பாகாவ் அக்கா

அண்ணே, அது உங்கள் 40 வாட்டில் நுழையாது.

செம்பனைக்காரன்

ராவினால்?